இடது பெருவிரல் ரேகை

ஆன்ட்டி, உங்க டோக்கன் எத்தனைங்க? எழுபத்தொண்ணா? எனக்கு அறுபத்தெட்டு. இப்பத்தான் நாப்பத்திரெண்டு ஓடுது. இந்த விசா ஆபீஸ்ல போனை வாசல்லயே வாங்கி வெச்சுக்கிட்டாங்க, எனக்கு இந்தக் கையை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னே தெரியல. அதனாலதான் உங்ககிட்டப் பேசறேன், தப்பா நினைச்சுக்காதீங்க. ஸ்கூல்ல அஞ்சு வருஷமா, பக்கத்துல உக்காந்திருக்கறவங்ககிட்டப் பேசணும்னு சொல்லிக் குடுத்தாங்க. அதுக்கு மார்க்கு கூட உண்டு.

உங்க பொண்ணுக்குப் பிரசவமா? கனடாவுலயா? அப்ப நீங்க போயே ஆகணுங்க. நானும் அங்கதான், படிக்கப் போறேன். யூனிவர்சிட்டி. இல்லைங்க, தனியா வரல, அப்பா வந்திருக்காரு. பதினெட்டு முடியலைன்னா கூட ஒருத்தர் வரலாம்னு செக்யூரிட்டி கூடச் சொன்னாரு. அப்பாதான், "நீயே போ கண்ணு, ஃபைல்ல எல்லாம் வரிசையா வெச்சிருக்கேன்"னுட்டு எதிர்ல பேக்கரி பெஞ்சுல உக்காந்துட்டாரு. திருப்பூர்ல இருந்து ராத்திரியெல்லாம் ரயில்ல கூட்டிக்கிட்டு வந்துட்டு, வாசலோட நின்னுக்கிட்டாரு. கோபம். என் மேல கோபம். மூணு வாரமா இப்படித்தான்.

ஏன்னு கேக்கறீங்களா? கேக்கலையா? பரவால்ல, சொல்றேன். இன்னும் இருபத்தாறு டோக்கன் இருக்கு.

எம்பேரு இலக்கியாங்க. ஸ்கூல்ல லக்கி. அங்க எல்லாருக்கும் சின்னதா ஒரு பேரு வேணும், இல்லைன்னா கொரியாப் பசங்களுக்கு வாயில நுழையாது. மலை மேல இருக்கற ஸ்கூலு, இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகணும். இன்டர்நேஷனல் ஸ்கூல்னா வேற ஒண்ணுமில்லீங்க, சாம்பாருக்குப் பக்கத்துலயே பாஸ்தா இருக்கும், ரெண்டுலயும் உப்பு இருக்காது. உங்க அப்பா என்ன பண்றாருன்னு கேட்டா, "டெக்ஸ்டைல்ஸ்"னு சொல்வேன். எங்கப்பா எலாஸ்டிக் பண்றாரு. ஜட்டிக்கு வைப்பாங்களே, அந்த எலாஸ்டிக். நீங்க சிரிக்கலாம், நான் சிரிக்க மாட்டேன். அதை மறைக்கறதுக்கே எனக்கு அஞ்சு வருஷம் ஆச்சு.

அப்பா பேரு செங்கோட்டுவேலு. பி.காம். அப்புறம் கம்பெனி நடத்திக்கிட்டே தபால் வழியில எம்.ஏ. இங்கிலீஷ் முடிச்சாரு. அவருக்கு ஒரு வியாதி உண்டு. பேப்பர்ல ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவாரு. சுரங்கப் பாலத்துல தண்ணி நிக்குது, பஸ் ஸ்டாண்டுல பெஞ்சு இல்ல, நொய்யல்ல நுரை வருது, இப்படி. தமிழ் பேப்பருக்குத் தமிழ்ல, இங்கிலீஷ் பேப்பருக்கு இங்கிலீஷ்ல. வந்ததையெல்லாம் வெட்டி ஒரு ஃபைல்ல ஒட்டி வெச்சிருக்காரு. பச்சை மை பேனா ஒண்ணு, வேற யாரும் தொடக்கூடாது. கையெழுத்துப் போட்டாருன்னா ரெண்டு நிமிஷம் ஆகும், கடைசியில ஒரு சுழி வேற சுழிப்பாரு. கூரியர்காரன் எங்க வீட்டு வாசல்ல நின்னு நெளிவான்.

இன்னொண்ணும் சொல்லணும், அப்பத்தான் உங்களுக்குப் புரியும். எங்க கம்பெனியில கைநாட்டு கிடையாது. முன்னாடி இருந்துச்சு. தறியில வேலை பாக்கற ஒம்பது அக்காங்களும் சம்பளத்துக்கு விரலைத்தான் வைப்பாங்க. அப்பா ஒரு நாள் அந்த ஸ்டாம்ப் பேடைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு, மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் அரை மணி நேரம் எல்லாரையும் உக்கார வெச்சு, அவங்கவங்க பேரை எழுதப் பழக்கினாரு. ராமாயாள் அக்காவுக்குத்தான் 'ள்' வரவே மாட்டேன்னுச்சு. எட்டு மாசம் ஆச்சு. அது வந்த அன்னிக்கு அப்பா எல்லாருக்கும் ஜிலேபி வாங்கிக் குடுத்தாரு. எனக்கு அப்ப ஏழு வயசு, ஜிலேபி மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு.

சரி, கட்டுரைக்கு வர்றேன். வெளிநாட்டு யூனிவர்சிட்டிக்குப் போட்டீங்கன்னா மார்க்கு மட்டும் போதாதுங்க, ஒரு கட்டுரை எழுதணும். உன் வாழ்க்கையில நீ பட்ட கஷ்டம் என்ன, அதை எப்படித் தாண்டி வந்தேன்னு. எனக்குக் கஷ்டமே இல்லீங்க. அதுதான் என் கஷ்டம். ராத்திரி பகலா யோசிச்சுப் பாத்தேன். எங்க வீட்டுல யாரும் குடிக்கலை, யாரும் ஓடிப் போகலை, ஒரு கடன்காரன் கூட வாசல்ல வந்து கத்தலை. இப்படி ஒரு குடும்பத்துல பொறந்து என்ன பிரயோஜனம்னு எனக்கு ஆத்திரமா வந்துச்சு.

எங்க ஸ்கூல்ல இதுக்குன்னே ஒரு சார் இருந்தாரு, டெரன்ஸ் சார். பசங்க கஷ்டத்தை எல்லாம் உக்காந்து திருத்திக் குடுக்கறதுதான் அவரு வேலை. எங்கூடப் படிச்ச ஒருத்தன் அவங்க நாய் செத்ததை எழுதினான், சார் ஆஹான்னாரு. இன்னொருத்தி நீச்சல் வராததை எழுதினா, அதுக்கும் ஆஹா. நான் கொண்டை ஊசி வளைவுல வாந்தி எடுக்கறதை எழுதிக் கொண்டு போனேன். சார் ரெண்டு தரம் படிச்சுட்டு, "லக்கி, இதுல வயிறு இருக்கு, மனசு இல்லையே"ன்னாரு.

அன்னிக்குச் சாயங்காலம் ரூமுக்குப் போய் உக்காந்தேங்க, ஒரே மூச்சுல எழுநூறு வார்த்தை. எங்கப்பா பதினோரு வயசுல பள்ளிக்கூடத்தை விட்டுட்டு பனியன் கம்பெனியில கைமடிக்கப் போனாரு. மெஷின்காரங்களுக்குப் பக்கத்துல நின்னு துணியை மடிச்சு மடிச்சுக் குடுக்கற வேலை. எங்கப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனக்கு ஆறு வயசு இருக்கறப்ப கரண்ட் ஆபீஸ் லெட்டரைக் கையில குடுத்து, "படிச்சுச் சொல்லு கண்ணு"ன்னாரு. அன்னிக்கு அவரு கண்ணுல பாத்ததைத்தான் நான் இன்னிக்கும் படிச்சுக்கிட்டு இருக்கேன். கடைசி வரியைப் பாத்தீங்களா? நானே அழுதுட்டேன். பொய்தான், ஆனா அழுகை நிஜம்.

முழுப் பொய்யும் இல்லீங்க. அது ராமாயாள் அக்கா கதை. அவங்கதான் எங்கிட்ட லெட்டரை நீட்டினாங்க. நான் ஆளை மட்டும் மாத்தினேன். ராமாயாள் அக்கா எனக்குச் சொந்தம் இல்லையே, அவங்க கஷ்டத்தை என் கஷ்டம்னு எப்படி எழுதறது? அதான் அப்பாவுக்குக் குடுத்துட்டேன். டெரன்ஸ் சார் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. "இத்தனை நாள் இதை ஏம்மா மறைச்சே"ன்னு கேட்டாரு. வெக்கமா இருந்துச்சு சார்னேன். அதுவும் நல்லா எடுபட்டுச்சு.

ஸ்கூலுக்கு எப்படித் தெரியாமப் போச்சுன்னுதானே நினைக்கறீங்க? அப்பா அதுவரைக்கும் அங்க வந்ததே இல்லீங்க. வாந்தி என் தனிச் சொத்து இல்ல, பரம்பரையா வர்றது. மூணாவது வளைவுக்கே அவருக்கு எலுமிச்சம்பழம் வேணும். அஞ்சு வருஷமும் அம்மாதான் வந்துட்டு இருந்தாங்க. ஸ்கூல்ல இருந்து வர்ற மெயிலுக்கெல்லாம் பதில் எழுதறது அப்பாதான், ஆனா அம்மா பேருல இருந்து போகும். பிரின்சிபால் மேடம் அம்மாவைப் பாக்கறப்பல்லாம் உங்க இங்கிலீஷ் ரொம்ப அழகுன்னு சொல்வாங்க. அம்மா சிரிச்சுக்கிட்டே நிப்பாங்க, வேற என்ன பண்ணுவாங்க.

மார்ச்சுல யூனிவர்சிட்டியில இருந்து வந்துச்சு. கிடைச்சுருச்சு. குடும்பத்துல முதல் தலைமுறையாக் காலேஜ் படியேறுற பிள்ளைங்களுக்குன்னு தனியா வெச்சிருக்கற இடம். நம்ம ஊர்லயும் முதல் பட்டதாரின்னு ஒண்ணு உண்டே, அந்த மாதிரி. வீட்டுல அது என்ன இடம்னு நான் சொல்லல. கிடைச்சுருச்சுன்னு மட்டும் சொன்னேன். அப்பா கம்பெனி பூராவுக்கும் ஜிலேபி வாங்கினாரு. ராமாயாள் அக்கா ரெண்டு கையாலயும் என் கன்னத்தை வழிச்சு நெட்டி முறிச்சாங்க. அவங்க பொண்ணு கவிதாவும் இந்த வருஷந்தான் பிளஸ் டூ முடிச்சா. அவ அங்கயே ஓரமா நின்னு ஜிலேபி சாப்பிட்டா. கனடா எந்தப் பக்கம் இருக்குன்னு கேட்டா, நான் மேப்புல காட்டினேன். இப்ப எதுக்கு அதெல்லாம்.

ஐம்பத்தி ஒண்ணு. பரவால்ல, வேகமாத்தான் போகுது.

எங்க ஸ்கூல்ல பட்டமளிப்புக்குன்னு ஒரு வழக்கம் உண்டுங்க. மேடைக்குக் கீழ ஒரு பெரிய புத்தகம் வெச்சிருப்பாங்க, கல்யாண ஆல்பம் மாதிரி தோல் அட்டை போட்டு. பிள்ளை சர்ட்டிஃபிகேட் வாங்கினதும் பெத்தவங்க ஒருத்தர் வந்து, அவங்க பாஷையில, அவங்க கையால, பிள்ளைக்குன்னு ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடணும். அதைப் பெரிய திரையில எல்லாருக்கும் காட்டுவாங்க. கொரியா, பூட்டான், தாய்லாந்துன்னு எல்லா எழுத்தும் அதுல இருக்கும். பத்து வருஷத்துக்கு முன்னாடி படிச்சவங்க கூட வந்து புரட்டிப் பாத்துட்டுப் போவாங்க.

இதை அம்மா போய் அப்பாகிட்டச் சொல்லிட்டாங்க. முடிஞ்சுது கதை. ஒரு மாசம் அவரு வேற எதுக்கும் பேனா எடுக்கலையாம். சுரங்கப் பாலத்துல தண்ணி நின்னுக்கிட்டே இருந்துச்சு, பேப்பருக்கு ஒரு கடிதம் போகல. ஒரே ஒரு வரி. எழுதுவாராம், அடிப்பாராம், குளிச்சுட்டு வந்து மறுபடி எழுதுவாராம். அம்மா என்னன்னு கேட்டா தாளைக் கவுத்து வெச்சுக்குவாராம். அம்மா போன்ல சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

பட்டமளிப்பு அன்னிக்குக் காலையில வந்து எறங்கினாருங்க. வெள்ளைச் சட்டை, இருபத்தேழு வளைவும் ஏறி வந்ததுல முகமே பச்சையா இருந்துச்சு, பாக்கெட்டுல பச்சைப் பேனா. ரெண்டும் ஒரே கலர்னு நான் கேலி பண்ணினேன். முதல் வரிசையில உக்கார வெச்சாங்க. எதுக்கு முதல் வரிசைன்னு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பிரின்சிபால் மேடம் எழுந்து, இந்த வருஷம் என் மனசைத் தொட்ட ஒரு கட்டுரைன்னு ஆரம்பிச்சாங்க பாருங்க. மடிச்ச துணி, பதினோரு வயசு, கரண்ட் ஆபீஸ் லெட்டர், எல்லாம் வந்துச்சு. கடைசி வரி கூட வந்துச்சு. இருநூறு பேரு திரும்பி எங்கப்பாவைப் பாத்தாங்க. மேடம் அவரைக் கை காட்டி, எழுதப் படிக்கத் தெரியாத இந்த மனிதர் தன் மகளை இங்கே கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறார்னு இங்கிலீஷ்ல சொன்னாங்க. அம்மாவுக்குப் பாதிதான் புரிஞ்சுது. அப்பாவுக்கு ஒரு வார்த்தை விடாமப் புரியும், எம்.ஏ. ஆச்சே. எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க. அப்பாவும் எழுந்து நின்னு கும்பிட்டாரு.

நான் போய் சர்ட்டிஃபிகேட் வாங்கினேன். அப்பா அந்தப் புத்தகத்துக்கிட்ட வந்தாரு. பேனாவை எடுப்பாரு, என் மானம் மலையில இருந்து உருளப் போகுதுன்னு கண்ணை மூடிக்கிட்டேன். கண்ணைத் திறந்தா, அப்பா அந்த மேஜைகிட்ட நின்ன மிஸ்ஸைப் பாத்துத் தமிழ்ல கேக்கறாரு.

"ஏனுங்க அம்மிணி, மைப் பெட்டி இருக்குதுங்களா? எனக்குக் கையெழுத்து வராதுங்க."

அவங்க ஓடிப் போய் ஆபீஸ்ல இருந்து ஸ்டாம்ப் பேடு கொண்டு வந்தாங்க. எங்கப்பா இடது பெருவிரலை அதுல அமுக்கி, அந்தத் தாளோட நடுவுல வெச்சாரு. பெரிய திரையில தெரிஞ்சுது. எங்க வீட்டுக் கதவு அளவுக்கு ஒரு விரல். பாக்கெட்டுல பேனா அப்படியே இருந்துச்சு, பக்கத்துல மடிச்ச தாள் ஒண்ணும் எட்டிப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. டெரன்ஸ் சார் மறுபடி கண்ணாடியைக் கழட்டினாரு.

பாத்தீங்களா ஆன்ட்டி எப்படிப் பழி வாங்கினாருன்னு? ஸ்டாம்ப் பேடைத் தூக்கிக் குப்பையில போட்ட மனுஷன். நீ என்னை இப்படி எழுதிட்டியா, இந்தா பாத்துக்கோன்னு எல்லாருக்கும் முன்னாடி வெச்சுட்டுப் போயிட்டாரு. திட்டியிருக்கலாம். ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாம், அதை வெச்சு இன்னொரு கட்டுரை எழுதியிருப்பேன். மலை எறங்கறப்ப ஜன்னல் பக்கமே திரும்பி உக்காந்துக்கிட்டாரு. எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டே வந்தாரு. விரலை மட்டும் கைக்குட்டையில தொடைச்சுக்கிட்டே இருந்தாரு, அந்த மை போகவே இல்ல. இன்னி வரைக்கும் அதைப் பத்தி ஒண்ணும் கேக்கலீங்க. அந்த ஒரு வரி என்னன்னும் சொல்லல. அவ்வளவு வீம்பு.

என்ன கேக்கறீங்க? அவரு பேனா எடுத்து எழுதியிருந்தா என்ன ஆகியிருக்கும்னா?

என்ன ஆகியிருக்கும். திரையில வந்திருக்கும். எழுதத் தெரியாதவரு அழகா எழுதறாரேன்னு எல்லாரும் பாத்திருப்பாங்க. மேடம் என்னைப் பாத்திருப்பாங்க. யூனிவர்சிட்டிக்கு அன்னிக்கே மெயில் போயிருக்கும், நான் இன்னிக்கு இங்க உக்காந்திருக்க மாட்டேன்.

இல்லீங்க. அவரு அதுக்காகப் பண்ணலை. பழி வாங்கத்தான்.

அதுக்காகவா?

ஆன்ட்டி, ஒரு நிமிஷம் இருங்க, ஏதோ அனவுன்ஸ் பண்றாங்க. பதினெட்டு வயசு முடியாதவங்க பெத்தவங்க குடுத்த சம்மதக் கடிதத்தை மேல எடுத்து வெச்சுக்கணுமாம். ஃபைலை நான் இன்னும் திறக்கவே இல்ல. அப்பா அடுக்கி வெச்சா அதுல ஒரு தப்பு இருக்காதுங்க, கண்ணை மூடிக்கிட்டுக் குடுக்கலாம். இது பாஸ்போர்ட். இது ஸ்கூல் சர்ட்டிஃபிகேட். இது அப்பாவோட பாஸ்போர்ட் நகல், பாருங்க, நான் சொன்னேனே சுழி, எப்படிச் சுழிச்சிருக்காருன்னு. இது சம்மதக் கடிதம். அவரே டைப் அடிச்சது. இங்கிலீஷைப் பாருங்க, ஒரு கமா கூட இடம் மாறி இருக்காது. இதோட ஒரு நகல் யூனிவர்சிட்டிக்கும் போகணும்.

ஐயோ.

பாருங்க ஆன்ட்டி. கீழ பாருங்க. கையெழுத்துப் போடற இடத்துல. நீல மையில விரலு.

யூனிவர்சிட்டிக்குத் தெரிஞ்சுறக் கூடாதுன்னு இங்கயும் விரலை வெச்சுட்டாரு. பாஸ்போர்ட்டுல கையெழுத்தை வெச்சுக்கிட்டு அடுத்த பக்கத்துலயே விரலை வெச்சா உள்ள இருக்கறவங்க கேக்க மாட்டாங்களா? அது கூடவா அவருக்குத் தோணலை? அதை விடுங்க, விரலுக்குப் பக்கத்துல என்ன எழுதியிருக்காருன்னு பாத்தீங்களா? "இடது பெருவிரல் ரேகை." யாரு எழுத்து இது? அவரு எழுத்து. பச்சை மை. எழுதத் தெரியாதவரு ரேகைக்குப் பக்கத்துல ரேகைன்னு எழுதி, கீழ ஒரு கோடு வேற அழகாப் போட்டு வெச்சிருக்காரு. வாழ்க்கையில ஒரு பொய்யாவது சொல்லிப் பழகியிருந்தாத் தெரியும். எம்.ஏ. படிச்சு என்ன, எங்கிட்டக் கேட்டிருந்தா நான் சொல்லிக் குடுத்திருப்பேன்.

நான் அழலீங்க. ஏசி ஜாஸ்தியா இருக்கு இங்க.

மூணு வாரமா என் மேல கோபம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன் ஆன்ட்டி. உள்ள வந்தா யாராவது ஃபாரத்தை நீட்டுவாங்க, தெரியாம எழுதிருவோம்னு பயந்துக்கிட்டுத்தான் வெளிய உக்காந்திருக்காரு. எனக்காக. பேக்கரி பெஞ்சுல, பேப்பர் கூட வாங்காம உக்காந்திருக்காரு. நான் காலையில கேலி வேற பண்ணினேன், என்னப்பா படிக்கறதை விட்டுட்டீங்களான்னு.

அறுபத்தி நாலா? கூப்பிடட்டும். இல்லீங்க, நான் இதைக் குடுக்கப் போறதில்ல. இன்னொரு நாள் டோக்கன் போட்டுக்கலாம், இல்லைன்னா போடாமலே போகட்டும். யூனிவர்சிட்டிக்கு எழுதிடறேன், இந்த இடம் எனக்கு உள்ளது இல்லைன்னு. எழுநூறு வார்த்தை எல்லாம் வேண்டாம், நாலு வரி போதும். அப்பாகிட்டக் குடுத்தாத் திருத்திக் குடுப்பாரு. வேற எங்கயாவது மார்க்கை மட்டும் பாத்துச் சேத்துக்குவாங்க. ராமாயாள் அக்காகிட்டயும் சொல்லணும். அதுதான் எனக்கு இருபத்தெட்டாவது வளைவு. முதல்ல அவரு இந்த ரேகையை அடிச்சுட்டுக் கையெழுத்துப் போடட்டும், ரெண்டு நிமிஷம் ஆனாலும் சரி, சுழியோட.

உங்களுக்கு விசா நல்லபடியாக் கிடைக்கட்டுங்க, உங்க பொண்ணுக்கும் சுகப்பிரசவம் ஆகட்டும். அந்த ஃபாரம் எழுதற பேனாவைக் கொஞ்சம் குடுக்கறீங்களா? அவரு பச்சைப் பேனாவை இன்னிக்கு வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டாரு, இப்பத்தான் புரியுது, பாக்கெட் காலியா இருந்துச்சு. உங்க ஃபைல்ல வெள்ளைத் தாள் ஏதாவது இருந்தா அதுவும் ஒண்ணு. எனக்கு அந்த வரி வேணுங்க.

பேனா திரும்பி வர லேட்டாகும் ஆன்ட்டி. எங்கப்பாவுக்கு ஒரு வரி எழுத ஒரு மாசம் ஆகும்.